பூட்டிய அறையும் அவித்த முட்டையும்

பின்னறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டில் முடிவு செய்கிற அதிகாரம் எனக்கு உண்டு. எந்த முடிவை நான் செய்யலாம் என்பதை மட்டும் என் மனைவி முடிவு செய்வாள். அதனால் இந்த முடிவை நான் மனசுக்குள்ளேயே செய்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் வேதியியல் வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், தெருக்கோடி டியூஷன் சென்டரில் காலையும் மாலையும் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, கல்யாணமாகி, அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நானும், அவளும், என் பின்னறையும்.

அந்த அறையில்தான் என் சோதனைக் குழாய்கள், குடுவைகள், மருந்துப் புட்டிகள் எல்லாம் இருந்தன. வீட்டுக்குள் இருக்கும் நடைபாதையைப் பார்த்தபடி ஒரு கதவு, ஒரு கம்பி ஜன்னல். ஜன்னலை ஒட்டி என் மேஜை, மூலையில் ஒரு பழைய கட்டில். கொல்லைப்புறமாக இன்னொரு கதவு, அதற்கு உள்தாழ்ப்பாள். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்துகள் இருப்பதால் ஜன்னலுக்கு உள்பக்கம் தடித்த கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தேன். இந்த வீட்டில் நான் அதட்டினால் அடங்குகிற பொருள்கள் அங்கே மட்டும்தான் இருந்தன. குடுவை எதிர்த்துப் பேசாது.

அப்படிப்பட்ட அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

"என்னங்க, அக்கா அங்க தனியா கிடக்கறா. மச்சான் போனதுல இருந்து சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. பிள்ளை குட்டியும் இல்ல. இங்க வந்து நம்மகூட இருக்கட்டுமே."

"எங்க இருப்பாங்க?"

"பின்னறை சும்மாதானே கிடக்கு?"

"சும்மாவா! அது ஆய்வுக்கூடம்டி!"

"ஆய்வுக்கூடத்துல கரப்பான் பூச்சிதான் ஆய்வு பண்ணிட்டிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். என் மனைவியின் அக்கா நல்லவர்தான். ஆனால் கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்பிள்ளைக்குத் தெம்பு போதாதே" என்று பந்தலே கேட்கும்படி சொன்னவர். அண்ணி என்று நான் கூப்பிடும் அவர் வந்தால் அறை மட்டுமா போகும்? மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த அறையையே "வேண்டாம்" என்று சொல்ல வைத்தால்?

திட்டம் பிறந்தது. பின்னறையில் பேய் இருக்கிறது என்று நம்ப வைத்துவிட வேண்டும். துக்கத்தில் இருக்கிற அக்காவைப் பேய் இருக்கிற அறைக்கு எந்தத் தங்கை கூப்பிடுவாள்? பேய் செய்வது எனக்குக் கஷ்டமில்லை. பேய் என்பது பாதி இருட்டு, பாதி வேதியியல்.

மறுநாள் காலை, அவள் பிரார்த்தனையில் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது பின்னறைச் சுவரில் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரைப் பூசினேன். காய்ந்ததும், சலவைச் சோடா கரைத்த நீரில் தூரிகையை நனைத்து ஒரு சொல்லை எழுதினேன். மஞ்சளும் சோடாவும் சேர்ந்தால் ரத்தச் சிவப்பு. எட்டாம் வகுப்புப் பாடம். 'வராதே' என்று எழுத்து சொட்டச் சொட்டச் சிவந்து வழிந்தது. எனக்கே முதுகில் சில்லென்றது. கையைக் கழுவிக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டேன்.

மாலை திரும்பி வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அலறல் இல்லை, மயக்கம் இல்லை. அவள் அடுப்படியில் இருந்தாள். அவள் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

"பின்னறைக்குப் போனியா?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"போனேன்."

"சுவத்துல எதையாவது பார்த்தியா?"

"ஏதோ சிவப்பா கறை. துடைச்சுட்டேன்."

ஒரு பேயின் முதல் படைப்பை இவ்வளவு அலட்சியமாக யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். நான் விடவில்லை. அவள் அருகில் போய், கண்ணை அகல விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"அந்த ரூம்ல… யாரோ… இருக்காங்க."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும். நீயும் உணர்ந்தியா?"

"நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சுட்டிருந்தேன்." அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஆமாங்க. இருக்காங்க. மத்தியானத்துல இருந்து இருக்காங்க. அழறாங்க. பாவமா இருக்கு."

"அழறாங்களா?"

"புருஷன் போயிட்டாராம். போக்கிடம் இல்லையாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் உண்டாக்கிய பேய்க்கு இவள் புருஷனையும் உண்டாக்கி, அவனைச் சாகடித்தும் விட்டாளே! முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"இங்க பாரு. நாம அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா வேற யாரும் அந்தப் பக்கம் வந்து தங்க முடியாது. புரியுதா?"

"அவங்க இருக்கறதுல உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? இருக்கட்டும்."

"உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு நான் நினைக்கவே இல்லைங்க," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேயிடம் காட்டிய பெருந்தன்மைக்காக மனைவியிடம் பாராட்டு வாங்கிய முதல் கணவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஜோரிலேயே நடைபாதைக் கதவை இழுத்துச் சாத்தி ஒரு பெரிய பூட்டைப் போட்டேன். கொல்லைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் காலையிலேயே நான் போட்டிருந்தேன். ஆக, மூடிய பாத்திரம். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. சாவி என் சட்டைப் பையில்.

பூட்டிவிட்டுத் திரும்பும்போது, உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. ஜன்னலின் கறுப்புத் துணி லேசாக உப்பி அடங்கியது.

காற்று, என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். காற்று ஒரு கலவை. நைட்ரஜன், ஆக்சிஜன், கொஞ்சம் கரியமில வாயு. பெருமூச்சு என்று ஒரு கூறு அதில் இருப்பதாகப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் நான் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன்.

அடுத்து, அவள் நம்பிக்கை ஆட்டம் காணாதபடி ஒரு நிரூபணம் தேவைப்பட்டது. காலையில் ஒரு தட்டில் மணல், கல் உப்பு, இரும்புத்தூள் மூன்றையும் கொட்டி அவள் கண்ணெதிரே நன்றாகப் பிசைந்தேன்.

"இது கலவை. இதை ஜன்னல் வழியா உள்ளே மேஜையில வைக்கிறேன். பூட்டு உன் முன்னாடிதான் தொங்குது. உள்ளே இருக்கறவங்க நிஜம்னா, இதைப் பிரிச்சுக் காட்டட்டும்."

"ஐயோ, பாவங்க. அவங்களைப் போய் எதுக்கு வேலை வாங்கறீங்க?"

"நீ சும்மா இரு."

"ராத்திரிதான் கொஞ்சம் கண்ணசந்தாங்க."

"யாரு?"

"அவங்கதான்."

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, துணியை ஒதுக்கி, மேஜையில் தட்டை வைத்தேன். உள்ளே இருட்டு என் மணிக்கட்டுவரை குளிர்ந்தது.

இதில் என் தந்திரம் இதுதான். டியூஷன் சென்டரில் உட்கார்ந்து வேறு மணலும் உப்பும் இரும்புத்தூளும் எடுத்துத் தனித்தனியாக மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டேன். மத்தியானம் அவள் பிரார்த்தனை செய்யும் நேரத்தில் நைசாக வந்து, பழைய கலவையைக் கொட்டிவிட்டு, தட்டில் மூன்று குவியலாக வைத்துவிட வேண்டும். அவள் பார்ப்பாள். நடுங்குவாள். அக்கா அங்கேயே இருக்கட்டும் என்பாள்.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்தேன். வீடு முழுக்கச் சாம்பல் வெளிச்சம். உள்ளறையில் அவள் முணுமுணுத்து ஜெபிப்பது கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, நடைபாதையில் பூனைமாதிரி நடந்து, ஜன்னலுக்குள் கையை விட்டுத் தட்டை இழுத்தேன்.

தட்டில் மூன்று குவியல் இருந்தது.

நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். என் மூன்று பொட்டலங்களும் பத்திரமாக என் பையில் இருந்தன.

உப்பு ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், இரும்புத்தூள் ஒரு பக்கம். உப்புக் குவியலில் பெயருக்குக்கூட ஒரு மணல் துகள் இல்லை. தட்டின் ஓரத்தை யாரோ விரலால் வழித்துத் துடைத்திருந்தார்கள். மணல்மேல் நீளமாக ஒரு நரைமுடி கிடந்தது. என் மனைவி தலைக்குச் சாயம் பூசுகிறவள். எனக்குத் தலையில் முடியே கிடையாது.

ஜன்னல் துணிக்குப் பின்னால், மிக மெதுவாக, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

நான் ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து எனக்கு நினைவிருப்பது, மழையில் தெருவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்ததுதான்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், மழையில நிக்கறீங்க? வீட்ல சண்டையா?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

"மழையிலயா?" என்று என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு குரலைத் தணித்தார். "சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்க வீட்ல யாராவது விருந்தாளியா?"

"இல்லையே. ஏன்?"

"காலையில உங்க கொல்லைக் கொடியில சாம்பல் நிறத்துல ஒரு கம்பளிச் சட்டை காய்ஞ்சுது."

"என் வீட்டுக்காரியோடதா இருக்கும்."

"இல்ல சார்." அவர் தலையை ஆட்டினார். "உங்க வீட்டம்மாவுக்கு அளவெடுத்துத் தைக்கறவன் நான். அவங்க கை நீளம் எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டைக் கை இதோ இவ்வளவு அதிகம். உயரமான ஆளு. அதான் கேட்டேன். கொஞ்ச நேரத்துல பார்க்கறேன், கொடியில ஒண்ணும் இல்ல. காத்துல பறந்துடுச்சோ என்னவோ."

நான் எழுந்தேன்.

"சார், முகம் ஏன் வெளுத்துப் போச்சு?"

"வெளுக்கறது வேதியியல் மாற்றம்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தட்டை என் மனைவியிடம் காட்டினேன். அவள் நடுங்க வேண்டும். நான் தைரியம் சொல்ல வேண்டும். திட்டம் அப்படித்தான் இருந்தது. அவள் தட்டைக் கையில் வாங்கி, முகம் மலர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு சுத்தமா பிரிச்சிருக்காங்க பாருங்க! கை ஓய்வா இருந்தா அவங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுதுங்க. நல்ல வேலை குடுத்தீங்க. நாளைக்கும் ஏதாவது வைங்க."

"நீ… நீ உள்ளே போனியா?"

"சாவி உங்க பையிலதானே இருக்கு?"

"அவங்க… உன்கிட்ட பேசறாங்களா?"

"பேசறாங்க. முன்ன மாதிரி இல்ல, இப்ப ரெண்டு வார்த்தை பேசறாங்க. சாப்பாடும் கொஞ்சம் இறங்குது."

அப்போதுதான் கவனித்தேன். அடுப்படி மேடையில் கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு மூன்று இருந்தது.

கலவையைப் பிரித்தது யார் என்று தெரியாமல் எனக்குள் கலவரம். ஆனாலும் நான் விஞ்ஞானம் படித்தவன். மணலையும் உப்பையும் யாராலும் பிரிக்க முடியும். அது இயற்பியல் மாற்றம். இன்னும் கஷ்டமானதைக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அள்ளிப் போட்டு, கரையும்வரை கலக்கி, ஜன்னல் வழியாக வைத்தேன். இப்போது பிரி, பார்க்கலாம்! வடிகட்டினால் வராது. ஆவியாக்கினாலும் உப்பும் சர்க்கரையும் ஒன்றாகத்தான் மிஞ்சும். தண்ணீரை மட்டும் தனியே எடுக்க வேண்டுமானால் காய்ச்சி வடிக்க வேண்டும். அடுப்பு வேண்டும், குளிர்விக்கும் குழாய் வேண்டும். ஸ்பிரிட் விளக்கை நான் முன்பே டியூஷன் சென்டருக்கு எடுத்துப் போயிருந்தேன்.

மாலையில் டம்ளரை எடுத்தேன். விளிம்புவரை தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். இன்னொரு சொட்டு.

வெறும் தண்ணீர். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை.

நெருப்பில்லாமல், குழாயில்லாமல், பூட்டிய அறைக்குள் ஒரு கரைசல் தண்ணீராகிவிட்டது. டம்ளர் வெளிப்பக்கமும் பளபளவென்று தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பேய்க்குப் பாத்திரம் தேய்க்கத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் திகிலாக இருந்தது.

அன்று வகுப்பில் பாடம் நடத்தினேன். "பனிக்கட்டி உருகினா மறுபடி உறைய வைக்கலாம். அது இயற்பியல் மாற்றம். காகிதம் எரிஞ்சா, முட்டை வெந்தா, மறுபடி பழைய நிலைக்கு…" சொல்லி முடிக்க நாக்கு வரவில்லை. வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதியிலேயே மணியடிக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த வாக்கியமே எனக்கு வழியும் காட்டியது. முட்டை! வெந்த முட்டையைப் பேயாலும் பச்சையாக்க முடியாது. மனிதனோ, ஆவியோ, எல்லாருக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான்.

காலையில் நானே ஒரு முட்டையை நன்றாக அவித்தேன். ஓட்டின்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவங்களுக்கா?"

"ஆமா."

"உங்க கையாலயே அவிச்சு வைக்கறீங்களா?" அவள் முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவை…" என்று எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

முட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து ஜன்னலுக்குள் நீட்டினேன். மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்கும் முன், என் விரல்களுக்கு மிக அருகில் ஏதோ அசைந்தது. துணி உரசும் சத்தம். ஒரு மெல்லிய இருமல். நான் கையை உருவிக்கொண்ட வேகத்தில் கம்பியில் முழங்கை இடித்து, அன்று முழுக்க இடது கையால் கரும்பலகையில் எழுதினேன்.

மத்தியானம் வந்து கிண்ணத்தை எடுத்தேன். முட்டை அப்படியே இருந்தது. அப்பாடா!

ஆனால் பெருக்கல் குறியைக் காணவில்லை.

அடுப்படிக்குக் கொண்டுபோய், கிண்ணத்தின் விளிம்பில் மெல்லத் தட்டினேன். ஓடு பிளந்தது. வெள்ளைக்கரு வழுவழுவென்று என் விரலிடுக்கில் வழிந்தது. மஞ்சள்கரு முழுசாக, மினுமினுப்பாக, ஒரு கண்ணைப்போல என்னைப் பார்த்துக்கொண்டு கிண்ணத்தில் மிதந்தது.

பச்சை முட்டை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அறையில் காலம் பின்னோக்கிப் போகிறது! முதலில் கலந்தது பிரிந்தது. பிறகு கரைந்தது தெளிந்தது. இப்போது வெந்தது பச்சையாகி, நான் பென்சிலால் கீறுவதற்கு முந்தின நிமிஷத்துக்கே போய்விட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த முட்டை கோழிக்குள்ளேயே போயிருக்கும். கோழி சரி. நான் உள்ளே போனால்? அந்தக் கதவைத் தாண்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நான் என்ன ஆவேன்?

"ஏய்!" என்று கத்தினேன். "ஏய், இங்க வா!"

ஓடி வந்தாள். "என்னங்க? ஏன் தரையில உட்கார்ந்திருக்கீங்க? விழுந்துட்டீங்களா?"

"என்னால முடியாது. இனிமே இந்த வீட்ல என்னால தனியா இருக்க முடியாது!"

"நான் இருக்கேனே?"

"நீ அவங்க கட்சி! உங்க அக்காவுக்குச் சொல்லி அனுப்பு. அவங்க தைரியசாலி. எதுக்கும் பயப்பட மாட்டாங்க. அவங்களை வரச் சொல்லு. அந்த ரூம்ல அவங்களே இருக்கட்டும்!"

அவள் சட்டென்று என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமா!"

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"உங்க குடுவை, குழாய் எல்லாம்?"

"டியூஷன் சென்டருக்கு மாத்திடறேன். ரூம் அவங்களுக்குத்தான். இருக்கற வரைக்கும். உங்க அக்கா வந்து அதுல உட்கார்ந்தா போதும்!"

அவள் கண்ணை மூடி, இரண்டு கையையும் சேர்த்து, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். நன்றி சொல்லும்போதுதான் அவள் உதடு அப்படி அசையும். பிறகு கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"இப்பவா? வேண்டாம். அவங்க வந்ததும் திறக்கலாம்."

"குடுங்க."

கொடுத்தேன். அவள் முன்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். பூட்டு திறந்தது. கதவு முனகிக்கொண்டே உள்ளே போனது. இருட்டு. கறுப்புத் துணியின் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டில், நாற்காலியில், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஓர் உயரமான உருவம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. நரைத்த முடி தோளில் புரண்டது. அது மெதுவாகத் தலையை நிமிர்த்தியது.

நான் அலறினேன்.

"தம்பி, ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றார் அண்ணி.

கறுப்புத் துணியை என் மனைவி இழுத்து ஒதுக்கினாள். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. ஒரு கட்டில். ஒரு பெட்டி. திறந்து கிடந்த கொல்லைக் கதவு. என் மேஜைமேல் என் காந்தம், அதன் நுனியில் ஒட்டிய இரும்புத்தூள். துக்கத்தில் பாதியாய் இளைத்துப்போன அண்ணி.

"நீங்க… நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் வந்து நாளாச்சே. கொல்லை வழியாத்தான் வந்தேன். நீங்க இருக்கட்டும்னு சொன்னதா இவ சொன்னாளே."

மனைவியைப் பார்த்தேன். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலைங்க. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். யாரோ இருக்காங்கன்னீங்க, இருக்காங்கன்னேன். அழறாங்கன்னு சொன்னேன். போக்கிடம் இல்லன்னு சொன்னேன். நீங்க பூட்டினீங்க. அவ உள்ளே இருந்து கொல்லைத் தாழ்ப்பாளைத் திறந்து விட்டா."

மூடிய பாத்திரம் என்று நினைத்தேன். வெளியிலிருந்து உள்ளே என்ன போகும் என்றுதான் யோசித்தேனே தவிர, உள்ளே முன்பே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அந்த உப்பு, மணல்?"

"பிரிச்சு வைக்கத்தான் குடுக்கறீங்கன்னு நினைச்சேன், தம்பி. சும்மா உட்கார்ந்தா அவர் ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்குது. உப்பை ஒவ்வொண்ணா பொறுக்கினேன். பொழுது போச்சு."

"கரைசல்?"

"எது, அந்தத் தண்ணியா? உப்பும் சர்க்கரையும் போட்டு, தெம்புக்குன்னு குடுத்தீங்களே. குடிச்சேன். டம்ளரைக் கழுவி, வெறும் டம்ளரா திருப்ப வேண்டாம்னு தண்ணி புடிச்சு வச்சேன்."

"முட்டை?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ருசி தெரிஞ்சுது. உங்க வீட்டுப் பொருளைச் சும்மா தின்ன வேண்டாமேன்னு, இவகிட்ட ஒரு முட்டை வாங்கிட்டு வரச் சொல்லி, பதிலுக்கு வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. வாத்தியாரை ஏமாற்றலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்து, அண்ணிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சுவத்துல நீங்க எழுதினீங்களே. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்துட்டு நிக்கறேன், அக்கா கொல்லைக் கதவைத் தட்டறா. தாழ்ப்பாளைத் திறந்ததும் பெட்டியைத் தூக்கிட்டு உள்ளே வந்துட்டா. அவ நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள ஈரத்துணியால துடைச்சேன். அவ மட்டும் அதைப் படிச்சிருந்தா, வாசலோடயே திரும்பிப் போயிருப்பா. எங்க போயிருப்பா?"



உள்ளே போனேன். நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. என் அறையில் நான் விருந்தாளியாகிவிட்டேன். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"ஏன் அண்ணி, இப்படி இருட்டு ரூம்ல, வெளியில பூட்டு போட்டு, தனியா இருக்க உங்களுக்குப் பயமா இல்லையா?"

"முதல்ல ரொம்பப் பயந்துட்டேன் தம்பி," என்றார் அண்ணி. பல மாதம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "திடீர்னு ஜன்னல் வழியா, சாக்பீஸ் தூள் படிஞ்ச வெள்ளை வெளேர்னு ஒரு கை வரும். நடுங்கிட்டே ஒரு தட்டை வைக்கும். ஒரு வார்த்தை பேசாது. மறைஞ்சுடும். இந்த வீட்ல ஏதோ நடமாடுதுடின்னு இவகிட்ட அழுதேன். இவதான் தைரியம் சொன்னா: 'பயப்படாதே அக்கா, அது யாரையும் ஒண்ணும் பண்ணாது, முப்பது வருஷமா எங்க வீட்லதான் இருக்கு'ன்னு."